கடைசி இன்னிங்ஸுக்கு வருகிறவள்

நேற்று மாலை மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் வாணி ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். தெமியாங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. அங்கே மலிவாகக் கிடைத்ததாம். அமெரிக்காக்காரர்களின் பேஸ்பால் புத்தகம். என்றைக்கோ நடந்து முடிந்த ஒரு பருவத்தின் ஆட்டக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. எறிந்த பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை நீ, உனக்கு எதற்கடி இது என்று கேட்டேன். இங்கிலீஷ் படிக்கத்தான் என்றாள். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் ஈரத்தில் கிடந்து காய்ந்த தாளின் வாடை அடித்தது.

பந்து வீசுகிறவர்களின் பக்கம் வந்ததும் வாணி சத்தமாகப் படித்தாள். யார் அதிக ஆட்டம் ஜெயித்தார், யார் அதிகம் பேரை வெளியேற்றினார் என்றெல்லாம் வரிசையாக இருந்தது. அதெல்லாம் நமக்குத் தெரிந்த கணக்குதான். அதற்குக் கீழே தனியாக இன்னொரு கட்டம். ஆட்டத்தைத் தொடங்கியவர் களைத்துப்போனபின் நடுவில் வந்து பந்து வீசியவர்களுக்கு மட்டும் அது. வந்தவர் எத்தனை ஆட்டத்தைக் கைநழுவாமல் காத்துக்கொடுத்தார், அதில் யார் முதல், யார் இரண்டாவது என்று பெயர் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அவளை நிறுத்தி, அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பெயர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. யாரோ ஊர் பேர் தெரியாத மீசைக்காரர்கள். அப்படி ஒரு கட்டம் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வாணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க டீம்ல இதுல யாரும்மா பர்ஸ்ட்டு?" என்று கேட்டாள். எழுந்து போய் டீ போட்டேன். அடியே, நீ கண்ணை மூடி இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டால் சிரிப்பாய். தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு சுவர் இடுக்கு வழியாகப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். உனக்கு நானோ எனக்கு நீயோ ஒரு வரி எழுதியதில்லை. உனக்கு எழுத்து என்றாலே கொட்டாவி வரும். பொறுத்துக்கொண்டு கேள்.

மேரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புக்கிட் பெலண்டோக் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தில், பேஸ்பாலின் தங்கை மாதிரியான சாப்ட்பால் என்ற பெயரைக் கொண்டுவந்தவளே அவள்தான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டாள். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்று, நம்மோடு பால் வெட்ட வந்த பிறகும் அவளுக்குப் பந்தை விட முடியவில்லை. எழுபதுகளின் கடைசி அது. மத்தியானம் பால் ஸ்டோரில் வாளியைக் கொட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, ஆபிசுக்கு எதிரே இருந்த திடலில் நம்மை வரிசையாக நிறுத்தினாள். கல்யாணமாகாத பெண்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று கங்காணி முதலில் கத்தினார். பிறகு ஒரு ஆட்டம் விடாமல் குடையும் நாற்காலியுமாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான். அம்பயரை அவர் திட்டிய திட்டில் நமக்கே வெட்கமாக இருக்கும்.

நான் கேட்சர். மட்டை பிடித்து நிற்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறவள். முகக்கவசம் வாங்க முடியாமல் முதல் வருஷம் முழுக்க என் அண்ணனின் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மேரிதான் பிட்சர். கையைக் கீழிருந்து சுழற்றி அவள் விடும் பந்து கண்ணுக்கே தெரியாது, கையுறையில் விழுந்த பிறகு உள்ளங்கை எரிவதை வைத்துத்தான் தெரியும். ஆனால் விடியலுக்கு முன் பெரட்டில் போய்ப் பேர் கொடுத்து, மத்தியானம்வரை மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்து வெட்டிய அதே கைதானே அது. ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டினால் தோள் விழுந்துவிடும். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் மிச்சத்தை யார் பார்ப்பது?

நீதான் பார்த்தாய். ஏன் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ரப்பர் காட்டிலும் நீ மாற்றாள்தானே. உனக்கென்று சொந்தமாக ஒரு மர நிரை கிடையாது. பெரட்டில் யார் வரவில்லையோ, யாருக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் பிரசவமோ, அவர்கள் நிரையில் அன்றைக்கு நீ வெட்டுவாய். மற்ற மாற்றாட்கள் உளியை எடுத்ததும் விறுவிறுவென்று வெட்டத் தொடங்கிவிடுவார்கள். நீ மட்டும் முதலில் வாளியை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடப்பாய். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய வெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாய். இவள் கை கனம், இவள் ஆழம் விடமாட்டாள், இவள் முடிக்கிற இடத்தில் கொஞ்சம் தூக்கி விடுகிறாள் என்று உனக்குள் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உளியை எடுப்பாய். பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறவள் நிரையில் கவிழ்த்துத்தான் வைப்பாய், நிமிர்த்தி வைக்கிறவள் நிரையில் நிமிர்த்தித்தான். லீவு முடிந்து திரும்பி வருகிறவளுக்கு இடையில் வேறு கை பட்டதே தெரியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு உன்மேல் அதனால்தான் மரியாதை. நமக்கோ பொறுமை போய்விடும். வெயில் ஏறிவிட்டது, சீக்கிரம் வாயேன்டி என்று பக்கத்து நிரையிலிருந்து நான் கத்தாத நாள் கிடையாது.

திடலிலும் அதே கதைதான். மேரி வீசிக்கொண்டிருக்கும்போது நீ கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து, உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரி இருப்பாய். எதிர் அணிக்காரிகள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ மட்டையைப் பார்க்கவில்லை, மட்டைக்காரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? "கை பொய் சொல்லும், காலு சொல்லாதுடி" என்று ஒரு தடவை சொன்னாய். அதற்குமேல் விளக்கம் கேட்டதற்கு இன்னொரு பழத்தை எடுத்து என் வாயில் போட்டு அடைத்தாய்.

மேரி தோளைப் பிடித்துக்கொண்டால் நீ எழுந்து பாவாடைப் புல்லைத் தட்டிவிட்டு வருவாய். உன் பந்தில் வேகம் கிடையாது. சில சமயம் நடந்து வருகிற மாதிரி வரும். ஆனால் அடிக்கிறவள் எதை எதிர்பார்க்கிறாளோ அது வராது. ஒரு ரன் கூடவோ இரண்டு ரன் கூடவோ வைத்துவிட்டு மேரி உன் கையில் கொடுத்த ஆட்டம் எதையும் நீ விட்டதில்லை. சிலியாவில் ஜெயித்தோம், லுக்குட்டில் ஜெயித்தோம், ரெம்பாவிலும் ஜெயித்தோம். திரும்பி வரும் லாரியில் மேரி பெயரைச் சொல்லிப் பாட்டுப் பாடுவோம். அதில் உன் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்கும். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து லாரி இரைச்சலுக்கு மேல் குறட்டை விடுவாய்.

அப்படி ஒரு லாரிப் பயணத்தில்தான் தூக்கத்துக்கு முன்னால் அதைச் சொன்னாய். மாநில அணிப் பெண்கள் மஞ்சள் சட்டையில் பஸ் ஏறுவதை அன்றைக்குச் சிரம்பானில் பார்த்திருந்தோம். "ஒரே ஒரு தடவ அந்தச் சட்டையப் போட்டுப் பாக்கணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாய். அதுவரை நீ எனக்கு வேண்டும் என்று எதையுமே கேட்டு நான் பார்த்ததில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்த வருஷப் போட்டிகளை நடத்தியது ரொஹானா டீச்சர். சிரம்பானில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை, கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாகத் திடலைச் சுற்றிச் சுற்றி வருவார். மாநில அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறவரும் அவர்தான். கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் அவரிடம் பேசிவிட்டு வந்த மேரி முகம் வாடிப்போயிருந்தாள். பிட்சர்களை வெற்றிக் கணக்கைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். நம் அணி முந்தும் நேரத்தில் யார் பந்து வீசிக்கொண்டிருந்தாளோ அவள் பெயரில்தான் வெற்றி எழுதப்படும். அது எப்போதும் மேரிதான். நீ வரும்போது நாம் ஏற்கெனவே முந்தியிருப்போம். நீ அதைக் காத்துக்கொடுப்பாய், அவ்வளவுதான். காத்துக்கொடுத்ததற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. பருவம் முழுக்க நம்மைத் தாங்கியவளுக்கு நேராக வெறும் முட்டை.

மேரி அழுதாள். அவள் பெயர் தாளின் உச்சியில் இருந்தது, அவள் இடம் உறுதி. அப்படிப்பட்டவள் அழுதாள் என்பதை நான் இன்றைக்கும் வாணியிடம் சொல்வதுண்டு. அழுது முடித்துவிட்டு முடிவையும் அவளே சொன்னாள். கடைசி ஆட்டத்தில் அவள் வெளியே உட்காருவாள், நீ தொடங்குவாய். முதல் பந்திலிருந்து உன் கையில். நாம் முந்தினால் வெற்றி உன் பெயரில் ஏறும். எங்களுக்கெல்லாம் ஒரே குதூகலம். மாற்றாளுக்குச் சொந்த நிரை கிடைத்தால் லயமே கோழி அடித்துக் கொண்டாடும் இல்லையா, அதே சந்தோஷம்தான். உன்னை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குப் பேசினோம். நீ ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாய். "மொதல்ல நின்னு எனக்குப் பழக்கம் இல்லலா" என்றாய். யாரும் காதில் வாங்கவில்லை. அன்பு மிஞ்சிவிட்டால் நம் ஆட்களுக்குக் காது மந்தம்.

கடைசி ஆட்டம் சிரம்பான் திடலில், கெமாஸ் அணியோடு. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள், நம்மைவிட ஒரு சாண் உயரம், சாப்பிடுகிற சோறு எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரியும். அவர்களில் சரஸ்வதி என்று ஒருத்தி. அவள் மட்டையைத் தூக்கினால் நம் வெளித்திடல் பெண்கள் சொல்லாமலே பின்னால் நகர்வார்கள். அன்று காலை மழை. மரம் நனைந்து பால் வெட்டு இல்லை. எல்லாருக்கும் கை புதிதாக இருந்தது. நல்ல சகுனம் என்று கங்காணி தேங்காய் உடைத்துவிட்டு லாரி ஏறினார்.

நீ நடுத்திடலில் போய் நின்றாய். நான் குந்தி உட்கார்ந்து கையுறையைக் காட்டினேன். உன் முகத்தைப் பார்த்த உடனே எனக்குத் தப்பு புரிந்துவிட்டது. வெறுங்கையோடு நடந்து பார்க்காமல், ஒரு வெட்டைக்கூடத் தடவாமல், தெரியாத நிரையில் உன்னைத் தள்ளிவிட்டிருந்தோம். நீ யாருடைய காலையும் பார்த்திருக்கவில்லை. முதல் பெண் அடித்தாள். இரண்டாவது பெண்ணும் அடித்தாள். சரஸ்வதி வந்தாள். நீ உன் மெதுவான பந்தை விட்டாய், அவள் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அடித்து ரோட்டுக்கே அனுப்பினாள். ஒரு மோட்டார்காரர் பந்தைப் பொறுக்கி எறிந்தார். கெமாஸ் ஆட்கள் டின்னைத் தட்டி ஆடினார்கள். நம் பக்கத்தில் கங்காணி குடையை மடக்கிவிட்டார்.

இன்னிங்ஸ் முடிந்து நீ வந்தபோது எங்களில் ஒருத்திக்கும் உன்னை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. உன் மஞ்சள் சட்டை அந்த ரோட்டோடு போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீ அழவும் இல்லை, எங்களைக் குறை சொல்லவும் இல்லை. மேரியிடம் போய், நீ போடு, நான் லெப்ட்ல நிக்கிறேன் என்றாய். இடது வெளித்திடலுக்குப் போய்ப் புளிப்புப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டாய். மேரி வந்து கெமாஸை அப்படியே நிறுத்தினாள். நாமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினோம். ஆறாவது இன்னிங்ஸில் நான் அடித்த பந்தில் இரண்டு பேர் சுற்றி ஓடி வந்து சேர, ஒரே ஒரு ரன் முந்தினோம். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீயும் மேரியும் ஒரு தடவைகூட எங்கேயும் சொன்னதில்லை.

முந்தியபோது பந்து வீசிக்கொண்டிருந்தது மேரி. ஆகவே வெற்றி அவள் பெயரில்தான் போகும். உனக்காகத் தொடங்கிய ஆட்டமும் உனக்கில்லை என்று ஆகிவிட்டது. ஜெயிக்கப்போகிறோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கமாகக் கடைசி இன்னிங்ஸுக்கு உட்கார்ந்தேன்.

கடைசி இன்னிங்ஸில் மேரியின் தோள் விழுந்துவிட்டது. வெளியேற்ற வேண்டிய மூன்று பேரில் ஒருத்தியைத்தான் வெளியேற்ற முடிந்தது. மூன்று பேஸிலும் கெமாஸ் பெண்கள் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் முடிந்தது. மேரி இடது பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாள். நீ ஓடி வரவில்லை, எப்போதும் போல நடந்துதான் வந்தாய். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உன்னிடம் வந்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவள், மேரியிடமிருந்து பந்தை வாங்கி உன் கையில் வைத்தேன். உன் முகம் பழைய முகமாக மாறியிருந்தது.

"இப்ப தெரியும்டி. எல்லாரையும் பாத்துட்டேன்" என்றாய்.

முதலில் வந்தவள் உன் பந்தை மேலே தூக்கி அடித்தாள். அது என் தலைக்கு மேலேயே ஏறி என் கையிலேயே இறங்கியது. இன்னும் ஒருத்தி. அது சரஸ்வதி. டின் சத்தம் மறுபடியும் எழுந்தது. நீ இரண்டு பந்தை ஓரமாக விட்டாய். அவள் இரண்டையும் தொட்டுக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். இன்னொன்று தப்பினால் அவள் அவுட். மூன்றாவதற்கு உன்னால் முடிந்த வேகத்தில் ஒரு பந்தைக் கேட்டு நான் விரலைக் காட்டினேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய். திரும்பவும் காட்டினேன். திரும்பவும் மறுத்தாய். மிச்சம் இருந்தது அந்த மெதுவான பந்து மட்டும்தான். ரோட்டுக்குப் போன அதே பந்து. இவளுக்குப் பைத்தியமா என்று நினைத்துக்கொண்டே கையுறையை நீட்டினேன்.

இப்போது எனக்குத் தெரியும். முதல் இன்னிங்ஸில் அவள் குதிகால் தரையில் பதிந்திருந்தது, காத்திருந்து அடித்தாள். இந்தத் தடவை ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருந்ததில் அவளுக்கு அவசரம். பந்து உன் கையை விடுவதற்கு முன்பே குதிகால் தூக்கிவிட்டது. அவசரப்பட்டால் அவள் குதிகால் தூக்கும் என்பதை நீ இடது திடலிலிருந்தே பார்த்துவைத்திருந்தாய். பந்து நடந்து வந்தது. சரஸ்வதி அதற்குள் சுழன்று முடித்துவிட்டாள். பந்து அதன் பிறகு நிதானமாக வந்து என் கையுறையில் உட்கார்ந்தது. அம்பயர் கையைத் தூக்குவதற்குள் கங்காணி திடலுக்குள் ஓடிவந்து உன்னைத் தூக்கிவிட்டார்.

ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கும் நேரத்தில் ரொஹானா டீச்சர் அட்டையோடு வந்தார். உன் பெயரைக் கேட்டார். தாளில் விரலை ஓட்டித் தேடினார். வெற்றி ஒன்றும் இல்லையே என்று மலாயில் சொன்னார். நான் மாற்றாள்தான் டீச்சர், யாருக்கு முடியவில்லையோ அவர்களுக்காக வருவேன் என்று நீயும் மலாயில் சொன்னாய். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. காட்டில் மண்டோரிடம் எந்த நிரை என்று கேட்கிற அதே குரலில் சொன்னாய். டீச்சர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கெமாஸ் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய், நாளைக்கு மறுபடியும் ஆடினால் உங்களில் யாரும் எதிரே நிற்க விரும்பாத பிட்சர் யார் என்று கேட்டார். சரஸ்வதி எழுந்து, மட்டையை நீட்டி, மேரியைத் தாண்டி உன்னைக் காட்டினாள். டீச்சர் தாளின் ஓரத்தில், கட்டமே இல்லாத இடத்தில், உன் பெயரை எழுதினார். அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமையைச் சொல்லத் தெரியவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் நான் அடித்ததே மறந்துபோய்விட்டது.

மஞ்சள் சட்டை வந்தது. உனக்கு அது இரண்டு அளவு பெரிது. கழற்றவே மாட்டேன் என்று பெரட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்து, முதல் நாளே நெஞ்சில் பால் தெறித்துக் கறையாக்கிக்கொண்டாய். பால் கறை எந்தச் சோப்புக்குப் போயிருக்கிறது? மாநிலச் சட்டையைப் பாழாக்கிவிட்டாயே என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீயோ, இப்பதான் இது என் சட்டை என்றாய். மலாக்காவில் நடந்த போட்டியில் ஒரே ஒரு ஆட்டத்தில் உன்னைக் கூப்பிட்டார்களாம். நான் ஆசையோடு லாரி நிற்கும் இடத்துக்கே வந்து, எப்படி ஆடினாய் என்று கேட்டேன். "போனேன், முடிச்சேன், வந்துட்டேன்" என்றாய். மிச்சத்தை மேரிதான் இரண்டு மணி நேரம் சொன்னாள்.

பிறகு ஆளுக்கொரு திசையானோம். நான் கல்யாணமாகி இங்கே தெமியாங்குக்கு வந்து சேர்ந்தேன், செனவாங்கில் பேக்டரி வேலை. நீ லுக்குட்டில் குடும்பமானாய். அங்கேயும் யாருக்கு முடியவில்லையோ அவர்கள் இடத்தில் நீதான். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பஸ் ஏறி வந்தாய். வாணிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவளுக்குத் தலை பின்னி, என் வீட்டுக்காரருக்குச் சோறு கட்டி, என்னை எழுந்திருக்கவே விடாமல் பார்த்துக்கொண்டு, நான் நடமாடத் தொடங்கியதும் போய்விட்டாய். நான் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனேன். உப்பு டப்பா நான் வைக்கிற இடத்திலேயே இருந்தது. கரண்டி என் பழக்கப்படி இடது பக்கம் தொங்கியது. மிளகாய்த்தூள் டப்பா மூடியைக்கூட நான் மூடுகிற மாதிரி அரைகுறையாகத்தான் மூடியிருந்தாய். அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். இத்தனை நாள் இந்த வீட்டில் வேறு ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளம் வைக்காமல் போய்விட்டாயே என்று கோபமாகவும் இருந்தது.

உனக்கு முடியாமல் போனபோதுதான் எங்களில் யாருக்கும் உன் இடத்தில் வந்து நிற்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நானும் மேரியும் மாறி மாறி உட்கார்ந்தோம், அவ்வளவுதான் முடிந்தது. நீ எங்களைப் பார்த்து, ஒங்க ரெண்டு பேர் வூட்ல யாரு சமைக்கிறா என்றுதான் கேட்டாய்.

உன் சாவுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த மஞ்சள் சட்டையை மடித்து, கறை தெரிகிற மாதிரி உன் தலைமாட்டில் மேரிதான் வைத்தாள். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உயரமான பெண்மணி, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, கையில் பயணப் பை. உறவுக்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. காலையில் கெமாஸில் ரயில் ஏறி வந்தவராம். உன் முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உன் நாத்தனார் மெல்லக் கிட்டே போய், நீங்க என்ன முறை வேணும் என்று கேட்டாள்.

"முறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கி சிரம்பான்ல இவங்க கடைசியா அவுட்டாக்கனது என்னைத்தான்" என்றார்.

தலை குனிந்து சொல்லவில்லை, தெரியுமா. பெரிய மனிதர் வீட்டுச் சம்பந்தத்தைச் சொல்லுகிற மாதிரி நிமிர்ந்து சொன்னார். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. மேரிக்கும் எனக்கும் புரிந்தது. நாங்கள் நகர்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சரஸ்வதிக்கு இடம் விட்டோம். உன்னை எடுக்கிறவரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது அப்போதுதான், அதுவும் பெருமையில்.

டீ ஆறிப்போன பிறகு வாணி மறுபடியும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். என் இடது கையை நீட்டிக் காட்டினேன். கோணலாகிப் போன அந்தச் சுட்டுவிரல் மேரியின் வேகத்தில் ஒடிந்தது, மழை வந்தால் இன்றைக்கும் குடைகிறது. உன் பந்து என்னை ஒரு நாளும் வலிக்கச் செய்ததில்லை. அது எந்த அடையாளமும் வைக்காமல், உள்ளங்கையில் வந்து உட்காரும். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, உன் பெயரைச் சொன்னேன். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு, எத்தனை ஆட்டம் என்று எழுதட்டும் என்று கேட்டாள்.

"வந்தது அத்தனையும்" என்றேன்.